வாசகர் கேள்வி–பதில்: கழிமுகத்து மஞ்சள் கொரலியா

வீட்டுத் தொட்டிகளில் மீன் வளர்ப்பது பற்றி அண்மையில் எமக்கு வந்த கடிதங்களில் பல ஒரே மீனைக் குறித்தே கேட்கின்றன. கடைகளில் 'ஒரேஞ்ச் குரோமைட்' என்றும் சிங்களத்தில் 'கஹ கொரலியா' என்றும் வழங்கும் அந்தச் சிறிய மீனை நாம் இங்கே மஞ்சள் கொரலியா என்று குறிப்பிடுகிறோம். அதன் உடல் தட்டையானது, மஞ்சள் நிறமானது. விலாவின் நடுவே ஒரு கரும்புள்ளியும், செதில் வரிசைகளில் செம்மஞ்சள் பொட்டுகளும் காணப்படும். நன்கு வளர்ந்தாலும் 8 சென்ரிமீற்றரைத் தாண்டாத இம்மீன் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. களப்புகள், கழிமுகங்கள், கண்டல் வேர்களிடையே தேங்கும் உவர்நீர் ஆகியவையே அதன் முதன்மையான இருப்பிடங்கள். கரையோரத் தாழ்நிலத்து நன்னீர்க் குளங்களிலும் அதைக் காணலாம்.

கேள்வி: கொழும்பிலிருந்து ஆறு மஞ்சள் கொரலியாக்களை வாங்கி வந்தேன். நன்னீர் மீன்தான், எந்தத் தண்ணீரிலும் வாழும் என்று கடையில் சொன்னார்கள். எங்கள் தோட்டத்து ஊற்று நீரைத்தான் தொட்டிக்கு ஊற்றுகிறேன். சில நாட்களிலேயே அவை துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன, இரை எடுப்பதில்லை. உப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். போடலாமா?
— வாசகர், ஹட்டன்

பதில்: உப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு வெப்பமானியை வாங்கித் தொட்டிக்குள் வையுங்கள். ஹட்டன் நகரம் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஹீட்டர் இல்லாத தொட்டியில் நீரின் வெப்பம் இரவில் 20 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்குவது புதிதல்ல. இந்த மீனோ ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் களப்பு நீருக்குப் பழகியது. 25 முதல் 28 பாகை வரையான வெப்பமே அதற்கு ஏற்றது. நீர் குளிர்ந்தால் மீனின் உடல் இயக்கங்கள் அனைத்தும் மந்தமாகின்றன, இரை செரிப்பதில்லை, நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்குக் குளிரே முதற்காரணம் என்று கருத இடமிருக்கிறது.

கொழும்பில் ஒரு லீற்றர் நீருக்கு ஒரு வாற்று என்ற கணக்கு ஹீட்டருக்குப் போதுமாக இருக்கலாம். மலைநாட்டுக் குளிருக்கு அதைவிடக் கூடுதலாகக் கொள்வதே நல்லது. தொட்டியின் பின்புறத்தையும் பக்கங்களையும் ரெஜிபோம் தட்டுகளால் மறைத்து, மேலே கண்ணாடி மூடியும் இட்டால், மின்சாரம் தடைப்படும் இரவுகளில் வெப்பம் சட்டென்று இறங்காது. குளிர்ந்துபோன நீரை ஒரே நாளில் 26 பாகைக்கு ஏற்றவும் வேண்டாம். நாளுக்கு இரண்டு பாகை வீதம் உயர்த்துங்கள்.

அடுத்தது உங்கள் ஊற்று நீர். மலைநாட்டுப் பாறைகளில் பெரும்பாலானவை எளிதில் கரையாத பழைய உருமாறிய பாறைகள், மழையும் மிகுதி. ஆகையால் நம் ஊற்றுகளில் வருவது கல்சியமும் மக்னீசியமும் மிகக் குறைந்த மென்னீர். பல இடங்களில் அது சற்று அமிலத்தன்மையும் கொண்டிருக்கும். தேநீருக்கு அதைவிடச் சிறந்த நீர் கிடையாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கழிமுகத்து மீனுக்கு அது வெறுமையான நீர். மேலும், மீனின் கழிவிலிருந்து வெளியாகும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் குளிரிலும் அமில நீரிலும் மெதுவாகவே பெருகுகின்றன. புதிய தொட்டி, குளிர்ந்த நீர், அமிலத்தன்மை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அமோனியா தேங்கிவிடும். அதனால் தொட்டி நிலைபெறும் வரை இரையைக் குறைத்து, நீரில் நான்கிலொரு பங்கை அடிக்கடி மாற்றுங்கள்.

இனி உப்பு. மீனின் குருதியில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. மீன் நன்னீரில் இருக்கும்போது நீர் செவுள் வழியாக உடலுக்குள் ஓயாமல் புகுந்துகொண்டேயிருக்கும். மீன் அதை ஏராளமான சிறுநீராக வெளியேற்றிவிட்டு, இழந்த உப்பைச் செவுளிலுள்ள சிறப்புக் கலங்களால் நீரிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். கடல்நீரில் நிலைமை தலைகீழாகிறது: உடலிலிருந்து நீர் வெளியேறும், மீன் கடல்நீரைக் குடிக்கும், மிகையான உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். பெரும்பாலான மீன்களால் இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே செய்ய இயலும். வற்றுப்பெருக்கோடும் பருவமழையோடும் உப்பின் அளவு ஏறி இறங்கும் கழிமுகத்தில் வாழும் மஞ்சள் கொரலியாவோ தேவைக்கேற்ப இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வல்லது. ஆகவே நன்னீரிலும் வாழும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யன்று. 'எந்தத் தண்ணீரிலும்' என்று சேர்த்ததுதான் மிகை. தாதுப்பொருள் நிறைந்த கடின நன்னீரில் நலமாக வாழும் மீன், மலைநாட்டு மென்னீரில் இழந்த உப்பை மீட்பதற்கே தன் ஆற்றலில் பெரும்பகுதியைச் செலவிட நேரும். சிறிதளவு உப்புச் சேர்த்தால் அந்தச் சுமை குறையும்.

ஆனால் சமையல் உப்பும் கடல் உப்பும் ஒன்றல்ல. உப்பளங்களில் கடல்நீரை வற்றவிடும்போது முதலில் ஜிப்சம் படிகிறது, அதன் பிறகே கறியுப்பு படிகிறது. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை உப்பளத்தார் வடித்து அகற்றிவிடுகின்றனர். நம் அடுப்படிக்கு வந்து சேர்வது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைட்டே. நீரின் கடினத்தன்மையை அது உயர்த்தாது, அமிலத்தன்மையையும் குறைக்காது. அலங்கார மீன் கடைகளில் கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையை வாங்கி, லீற்றருக்கு 3 கிராம் என்ற அளவில் பயன்படுத்துங்கள். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதை நினைத்தால் இது மிகச் சிறிய அளவு என்பது விளங்கும். 60 லீற்றர்த் தொட்டிக்கு 180 கிராம் தேவை. அதை வேறொரு பாத்திரத்தில் கரைத்து, ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் நீரையே ஊற்றுங்கள், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. நீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும் புதிய நீரில் உப்பு இருக்க வேண்டும்.

அந்தக் கலவை கிடைக்காவிடில், நன்கு கழுவிய சிப்பி ஓடுகளை ஒரு துணிப்பையில் கட்டி பில்டருக்குள் வைப்பது எளிய மாற்றுவழி. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்கு மண்ணின் அமிலத்தைக் குறைக்க டொலமைட் இடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அதே டொலமைட் கல்லின் சில துண்டுகளும் பயன்படும், மெதுவாகக் கரைந்து கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தரும். ஆனால் தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து தூளை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதில் உரம் கலந்திருந்தால் ஒரே இரவில் தொட்டி வெறுமையாகிவிடும்.

கேள்வி: எங்கள் தொட்டியில் சோடி சேர்ந்த இரண்டு மஞ்சள் கொரலியாக்கள் பூச்சட்டித் துண்டொன்றின் உட்புறத்தில் முட்டையிட்டு, குஞ்சுகளும் பொரித்துவிட்டன. இப்போது குஞ்சுகள் கூட்டமாகப் பாய்ந்து பெற்றோரின் உடலைக் கடிப்பதைப் பார்க்கிறேன். அவை நோயால் அப்படிச் செய்கின்றனவா, பசியாலா? குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாமா?
— வாசகி, பதுளை

பதில்: மாற்றவேண்டாம். பெற்றோரின் தோலின்மேல் சுரக்கும் சளியையே குஞ்சுகள் கொத்தித் தின்கின்றன. மஞ்சள் கொரலியாவின் வாழ்க்கையில் இதுவே மிகவும் வியப்புக்குரிய பகுதி. அதை உங்கள் வீட்டிலேயே காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த மீன் ஒரு தடவையில் இருநூறு முட்டைகள் வரை இடும். ஒவ்வொரு முட்டையும் சிறிய காம்பு ஒன்றினால், மூழ்கியிருக்கும் கல்லிலோ வேரிலோ மரத்துண்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். தாயும் தந்தையும் மாறி மாறித் துடுப்பை அசைத்து முட்டைகளின்மேல் நீரோட்டத்தை உண்டாக்குகின்றன, கெட்டுப்போனவற்றை வாயால் அகற்றுகின்றன. குஞ்சு பொரிந்ததும் அவற்றை வாயில் கவ்வி, மணலில் தாமே தோண்டிய சிறு குழிகளுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. இக்காலத்தில் பெற்றோரின் வயிற்றுப்புறமும் அடித்துடுப்புகளும் கருமையடைவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஆபத்து நெருங்கும்போது பெற்றோர் அந்தக் கரிய துடுப்புகளை விரைவாகச் சிமிட்டுவதுபோல் விரித்து மூடும். சிதறி நீந்தும் குஞ்சுகள் அதைக் கண்டு பெற்றோரின் அருகே ஒன்றுகூடும்.

குஞ்சுகள் பெற்றோரின் உடலைக் கொத்தும் இந்தப் பழக்கத்தை வார்ட், பார்லோ என்னும் இரு ஆய்வாளர்கள் 1967 இல் விரிவாக ஆராய்ந்து எழுதினர். தென் அமெரிக்காவின் டிஸ்கஸ் மீனிடமும் இத்தகைய பழக்கம் உண்டு. அதுவும் இதுவும் சிக்லிட் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குஞ்சுகள் சளியை மட்டுமே நம்பி வாழ்வதில்லை, நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்னும். ஆகவே பொரித்தெடுத்த ஆட்டீமியா என்னும் நுண்ணிய உவர்நீர் இறாலின் குஞ்சுகளை நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள். வேறு மீன்கள் அந்தத் தொட்டியில் இருந்தால் அவற்றைத்தான் அகற்ற வேண்டும். பெற்றோரின் தோலில் வெண்புள்ளிகளோ காயங்களோ தோன்றினாலன்றிப் பிரிப்பதற்கு எவ்விதத் தேவையும் இல்லை.

முதல் ஈற்று முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுவது உண்டு. உங்கள் சோடி முதல் தடவையிலேயே குஞ்சுகளை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தால் அதற்குத் தனிப் பாராட்டுத் தகும்.

கேள்வி: மகாவலியின் கிளையான கொத்மலை ஓயா எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. கடலிலிருந்து கழிமுகத்துக்குள் வரும் மீன்கள் அதே ஆற்றின் வழியாக இங்கு வராதது ஏன்? திலாப்பியாவும் இந்த மீனும் ஒரே குடும்பம் என்பது உண்மையா?
— உயர்தர மாணவர், தலவாக்கலை

பதில்: முதற் கேள்விக்கு விடை உயரமும் குளிரும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அங்கே கண்டல் வேர்களிடையே நீந்தும் மீனுக்கு உப்பு நீரிலிருந்து நன்னீருக்கு வருவது ஒரு தடையே இல்லை. ஆனால் வேகமான நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் உடலமைப்பு அதற்கு இல்லை. தட்டையான உடல், அமைதியான நீரில் வேர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே திரும்புவதற்கென அமைந்தது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சென் கிளயர் நீர்வீழ்ச்சி ஏறக்குறைய 80 மீற்றர் உயரம். அதற்குக் கீழே எத்தனையோ பாறைப்படிகள். இக்காலத்தில் ரந்தெனிகல, விக்டோரியா, கொத்மலை, மேல் கொத்மலை என்று அணைகளும் குறுக்கே நிற்கின்றன.

விலாங்கு மட்டும் இதற்கு விலக்கு. அது கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற குஞ்சாகக் கழிமுகத்துக்குள் நுழைந்து, ஈரப் பாறைகளின்மேல் ஊர்ந்துகூட மேலேறும். பல ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்த பின் முட்டையிடக் கடலுக்கே திரும்பும். உயர்ந்த அணைகள் அந்தப் பயணத்தையும் மறித்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை ஆம் என்பதே. ஆயினும் நெருங்கிய உறவன்று. திலாப்பியா ஆபிரிக்காவுக்குரியது, மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நம் நாட்டில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் மீன்கள் இரண்டுதான்: மஞ்சள் கொரலியாவும், கேரளத்தில் கரிமீன் என்று போற்றப்படும் பெரிய கொரலியாவும். இவற்றின் மிக நெருங்கிய உறவினங்கள் ஆபிரிக்கப் பெருநிலத்தில் இல்லை, மடகஸ்காரில் இருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டமும் மடகஸ்காரும் ஏறத்தாழ 88 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் பிரிந்தன. அப்பிரிவோடு இம்மீன்களும் பிரிந்தன என்று ஒரு சாராரும், இதுவரை கிடைத்த மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்களே ஏறக்குறைய 46 மில்லியன் ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்பதால் அவை பிற்காலத்தில் கடலைக் கடந்து பரவியிருக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். உப்பு நீரைத் தாங்கும் மீனை வைத்துக்கொண்டு, கடலைக் கடந்திருக்கவே முடியாது என்று உறுதிபடக் கூறுவது கடினம் என்றே எமக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கிரிந்தி ஓயா எங்கள் பகுதியில் ஊற்றெடுக்கிறது. மலையில் நாம் செய்வது கடற்கரைக் களப்பிலுள்ள சிறு மீன்களைப் பாதிக்குமா? மாணவர்களுக்கு விளக்குவதற்காகக் கேட்கிறேன்.
— ஆசிரியை, பண்டாரவளை

பதில்: பாதிக்கும், அதற்கு உங்கள் ஆறே சிறந்த எடுத்துக்காட்டு. பண்டாரவளைப் பகுதியில் தோன்றும் கிரிந்தி ஓயா, கொஸ்லாந்தையை அடுத்த 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியின் நீரையும் ஏற்றுக்கொண்டு, வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கி, புந்தலைக்கு அருகே கடலை அடைகிறது. 1980களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, அதன் நீரால் புதிய வயல்கள் விளைந்தன. அந்த வயல்களிலிருந்து வடியும் நீர் புந்தலையின் எம்பிலிகல, மலல களப்புகளுக்குள் பாயத் தொடங்கியது. 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் இது. வயல் நீர் சேரச் சேரக் களப்பு நீரின் உவர்ப்புக் குறைந்தது. உவர்நீரை நம்பி வாழ்ந்த இறால்கள் அருகின. உரம் கலந்த நீரில் பாசியும் நீர்க்களைகளும் பெருகின.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கழிமுகத்துக்கு நன்னீர் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. ஆற்றில் நீர் குறையும்போது கடல்நீர் உள்ளேறி உவர்ப்பு மிகும்; மிகும்போது களப்பு ஒரு சாதாரணக் குளமாகிவிடும். மஞ்சள் கொரலியா இரு நிலையிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் அது ஒதுங்குவதற்கு வேர் கொடுக்கும் கண்டல்களும், அதே நீரில் வாழும் இறால், நண்டு, ஏனைய மீன் குஞ்சுகளும் அவ்வளவு வளைந்துகொடுப்பவை அல்ல. குளமானபின் திலாப்பியா போன்ற நன்னீர்ப் போட்டியாளர்களும் எளிதில் இடம்பிடித்துவிடுகின்றனர்.

மகாவலிப் பக்கம் ஓடிய உமா ஓயாவின் நீரில் ஒரு பகுதி, 2024 இல் திறக்கப்பட்ட சுரங்க வழியாக இப்போது கிரிந்தி ஓயாவுக்குத் திருப்பப்படுகிறது. அதாவது ஒரு காலத்தில் திருகோணமலைக் கடலுக்குச் சென்ற மழை நீர் தென்கரையை நோக்கித் திரும்பியிருக்கிறது. சுரங்க வேலையின்போது பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியதை உங்கள் மாணவர்களின் பெற்றோர் அறிவர். அந்த நீரின் மறுமுனையில் என்ன நிகழும் என்பதை வரைபடத்தோடு விளக்கினால் பாடம் அவர்கள் மனத்தில் பதியும். தேயிலைச் சரிவுகளிலிருந்து அரித்துச் செல்லப்படும் மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களில் படிந்தாலும், நுண்ணிய வண்டல் கலங்கிய நீரோடு மேலும் கீழே செல்கிறது.

கேள்வி: வளர்க்க முடியாமற்போன மஞ்சள் கொரலியாக்களை கிரகரி வாவியிலோ அருகிலுள்ள ஓடையிலோ விடலாமா?
— வாசகர், நுவரெலியா

பதில்: கூடாது. நுவரெலியாவின் குளிரில் அவை நீண்டநாள் உயிர்வாழா. அது விடுதலையன்று, மெதுவான கொலை. தாழ்ந்த இடத்து ஓடையில் விட்டு அவை பிழைத்துக்கொண்டாலும், தொட்டியில் தொற்றிய நோய்கள் அங்குள்ள மீன்களுக்குப் பரவும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

கேள்வி: பெரிய கொரலியாவையும் மஞ்சள் கொரலியாவையும் ஒரே தொட்டியில் வளர்க்கலாமா? ஆண் எது, பெண் எது என்று எப்படி அறிவது?
— வாசகர், கண்டி

பதில்: இயற்கையில் இரண்டும் ஒரே களப்பில் வாழ்கின்றன, அவற்றின் உறவு விசித்திரமானது. பெரிய கொரலியாவின் துடுப்பிலும் தோலிலும் பற்றியிருக்கும் ஒட்டுண்ணிகளையும் நோயுற்ற பகுதிகளையும் மஞ்சள் கொரலியா கொத்தித் துப்புரவு செய்யும். அதே மஞ்சள் கொரலியா, சமயம் வாய்த்தால் பெரிய கொரலியாவின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். 1970களில் இலங்கைக் களப்புகளில் இம்மீன்களை நேரில் அவதானித்தவர்கள் இவ்விரண்டையும் பதிவு செய்திருக்கின்றனர். மருத்துவனாகவும் கள்வனாகவும் ஒரே மீன் இருப்பதைப் பெரிய கொரலியா எவ்வாறு பொறுத்துக்கொள்கிறது என்று கேட்கத் தோன்றும். முட்டையைக் காக்கும் காலத்தில் அது பொறுத்துக்கொள்வதில்லை, துரத்தியடிக்கும்.

தொட்டியில் சேர்த்து வளர்ப்பதற்குத் தடையாவது பெரிய கொரலியாவின் பருமன். அது 20 சென்ரிமீற்றர் வரை சாதாரணமாகவும், சில வேளைகளில் 40 சென்ரிமீற்றர் வரையும் வளரும், நீர்த்தாவரங்களையும் மேய்ந்துவிடும். சில நூறு லீற்றர் கொள்ளும் தொட்டி இல்லாதவர்கள் அதை நாடாமலிருப்பதே நல்லது.

ஆண் பெண் வேறுபாட்டை வெளித்தோற்றத்தால் உறுதியாகக் கூற முடியாது. இளம் மீன்களாக ஆறு அல்லது எட்டு வாங்கி ஒன்றாக வளருங்கள். அவை தாமே சோடி சேரும். சேர்ந்த சோடி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும்போது, எஞ்சியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.